வாசகியின் கைக்கு வந்த பேனா

கோப்பன்ஹேகன்

அன்புள்ள யாழினிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய நான்கு பக்கங்களும் கிடைத்தன. பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “நம்ம சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972லிருந்து வருகிறது, என்னை மாதிரிப் பெண் அதில் எங்கே இருக்கிறாள்? நான் வரைந்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டிருக்கிறாய். 1984இல் லயன் காமிக்ஸ் முதல் இதழிலேயே மாடஸ்டி என்ற நாயகி வந்துவிட்டாள். ஆனால் அவளை எழுதியதும் ஆண், வரைந்ததும் ஆண். உன் கேள்வி நியாயமானதுதான்.

இங்கே நகரின் தலைமை நூலகத்தில், பள்ளி விட்டதும் பெண்பிள்ளைகள் மாங்கா என்னும் ஜப்பானிய காமிக்ஸ் அலமாரியின் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் படிப்பவற்றில் பல, ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்கான இதழ்களில் தொடராக வந்தவை. அங்கேயும் முதலில் உன் நிலைமைதான், கண்ணு.

‘ஷோஜோ நோ தோமோ’ என்ற இதழ் 1908இல் தொடங்கியபோது கதையும் கவிதையும்தான் அதிகம். அதில் பெரிய கண்களுடைய பெண்களை வரைந்து புகழ்பெற்ற நகஹரா ஜுன்இச்சியை, 1940இல் ராணுவத்தின் நெருக்குதலால் விலக்கினார்கள். போருக்குப் பிறகு, 1953இல், மாங்கா ஓவியர் தெஸுகா ஒஸாமு ‘ஷோஜோ கிளப்’ இதழில் ஓர் இளவரசியின் கையில் வாளைக் கொடுத்தார். ‘நகயோஷி’, ‘ரிபோன்’ இதழ்களும் வந்தன. அப்போதும் பெண்பிள்ளைகளுக்காக வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களே.

அறுபதுகளில் ‘ஷோஜோ ஃப்ரெண்ட்’, ‘மார்கரெட்’ என்று வார இதழ்கள் வந்தன. வாராவாரம் பக்கங்களை நிரப்ப ஆள் வேண்டும். பத்திரிகைகள் புதியவர்களுக்குப் போட்டி வைத்தன. வாசகிகளே வரைந்து அனுப்பினார்கள். 1964இல் கோதன்ஷா நிறுவனத்தின் புதுமுகப் பரிசை வாங்கிய சதோனகா மச்சிகோ பள்ளி மாணவி. வயது 16. உன் வயது!

இப்படி வரைய வந்த பெண்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹகியோ மோத்தோ. 1974இல் அவர் ‘தோமாவின் இதயம்’ தொடரை ஆரம்பித்தபோது வாசகர் வாக்கெடுப்பில் அது கடைசிக்குப் போனது. நிறுத்திவிடலாம் என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மன்றாடினார். அந்த நேரம் பார்த்து அவருடைய ‘போ குடும்பம்’ நூலாக வந்தது. 30,000 பிரதிகள் மூன்றே நாளில் தீர்ந்தன. தொடர் பிழைத்தது. இன்று அது இல்லாமல் அந்த இதழ்களின் வரலாற்றை யாராலும் எழுத முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1994இல் ‘ரிபோன்’ 25 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதன்பின் விற்பனை சரிந்துகொண்டே வந்தது. இப்போது பிள்ளைகள் போனில்தான் படிக்கிறார்கள். ஆனால் வரைபவர்களாகிவிட்ட பெண்கள் திரும்பிப் போகவில்லை.

இனி உன் பக்கங்களுக்கு வருகிறேன். நான்காம் பக்கத்தில் வசனம் அதிகம். கதையில் வரும் அம்மா பேசுவதில் பாதியை எடுத்துவிடு. அவள் கையை மட்டும் வரை. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2007லிருந்து வெளிநாட்டவர்க்கென்றே மாங்கா விருது நடத்துகிறது. அதற்கு 24 பக்கமாவது வேண்டும். பரீட்சை முடிந்ததும் மிச்சம் இருபதையும் வரைந்து எனக்கு முதலில் அனுப்பு. விண்ணப்ப வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல தாளும் மையும் வாங்க உன் அம்மாவிடம் பணம் தரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா