செயற்கைக்கோள் எட்டிப்பார்த்த செம்பட்டி

திண்டுக்கல் மலைக்கோட்டையைத் தாண்டி வத்தலக்குண்டு சாலையில் போனால் செம்பட்டி வரும். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் செம்மண் சமவெளி. இங்கிருந்து ஒரு சாலை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும், இன்னொன்று நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கும் பிரிகிறது. விளைந்ததை எந்தப் பக்கம் ஏற்றினால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று விவசாயி யோசிக்கும் இடம் இது.

இந்த ஊருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த முதல் மூன்று கிராம வள மையங்களில் ஒன்று செம்பட்டியில் இருந்தது. மற்றவை திருவையாறு, தங்கச்சிமடம். 2004 அக்டோபர் 18 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் இவற்றைத் தொடங்கி வைத்தார். வீட்டுக்கு வீடு செல்போன் இல்லாத காலம் அது. மையத்தில் உட்கார்ந்தபடியே, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகச் சென்னையில் இருக்கும் வல்லுநரிடம் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

அந்த நிறுவனம் 1998-லேயே புதுச்சேரி கிராமங்களில் கணினி மையங்களைத் தொடங்கியிருந்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியில் வந்ததை ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்ல உள்ளூர் ஆட்களே இருந்தார்கள். அந்த ஏற்பாட்டின் உயிர் அதில்தான் இருந்தது.

இன்று கைக்குள்

இப்போது அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த 'உழவன்' செயலியில் மானியம், சந்தை விலை, வானிலை எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன. பட்டா, சிட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் நடையும் ஒருநாள் கூலியும் மிச்சம்.

ஆனால், விலை தெரிந்தால் மட்டும் லாபம் வந்துவிடாது. 50 பெட்டி தக்காளி பறித்தாயிற்று, தூரத்துச் சந்தையில் பெட்டிக்கு 20 ரூபாய் கூடுதல் என்று போன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வரவு 1,000 ரூபாய். அங்கே போக வண்டி வாடகை 1,200 ரூபாய் கூடினால், கையைவிட்டு 200 ரூபாய் போகும். விலை அடிமட்டத்துக்குப் போன நாளில் பறிப்புக் கூலிகூடத் தேறாது. பறித்த பிறகு பார்க்கும் விலையைவிட, நாற்று விடும் முன் பார்க்கும் விவரமே குடும்பத்தைக் காப்பாற்றும். சென்ற சில ஆண்டுகளில் அதே மாதத்தில் விலை எப்படி இருந்தது, பக்கத்துத் தோட்டங்களில் என்ன நடவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, பாதி நிலத்தில் வேறு பயிர் வைக்கலாம்.

வானிலையும் அப்படித்தான். மருந்து அடித்த அன்றைக்கே மழை பெய்தால் மருந்துக் காசும் ஆள் கூலியும் தண்ணீரோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் தெளிக்கும் முன் முன்னறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

போனும் அனுபவமும்

பல வீடுகளில் போன் பிள்ளைகள் கையில் இருக்கிறது; எந்த மூலையில் ஈரம் நிற்கும், எந்தச் செடி முதலில் வாடும் என்பது அம்மாவுக்கும் தாத்தாவுக்கும்தான் தெரியும். இரண்டும் ஒரே திண்ணையில் சேர வேண்டும். இலையில் நோய் கண்டால் முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம் என மூன்று படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு, காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். விதைத்த தேதி, போட்ட உரம், கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள் ஆகியவற்றையும் சொன்னால்தான் சரியான மருந்து சொல்ல முடியும்.

இணைய வசதி இல்லாத சாதா போன் வைத்திருப்பவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம், கட்டணம் கிடையாது.