மெத்தை சுமந்த பேராசிரியரை மறந்துவிட்டார்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் அருங்காட்சியகங்களில் அடுத்த பருவத்தின் நிகழ்ச்சிப் பட்டியல் தயாராகிவிடும். செப்டம்பர் 15-இல் தொடங்கும் ஹிஸ்பானிய மரபு மாதத்துக்கு ஒரு கிட்டார் கச்சேரி. நவம்பர் முதல் இரண்டு நாளில் மெக்சிகோக்காரர்களின் இறந்தோர் தினத்துக்குப் படையல் மேடையும் பாட்டும். அதே மாதம் பூர்வகுடி மரபு மாதமும் வரும். பிப்ரவரி, கறுப்பர் வரலாற்று மாதம், அதற்கு ஜாஸ். இடையிடையே மதிய உணவு நேரக் கச்சேரிகள். தேதி, கலைஞர் பெயர், பளிச்சென்ற படம் எல்லாம் பட்டியலில் இருக்கும். அந்தக் கூடத்தில் அந்த வாத்தியம் எப்படிக் கேட்கும் என்று யாராவது போய்ப் பார்த்தார்களா என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

இதைப் போய்ப் பார்ப்பதுதான் நிகழ்ச்சி அமைப்பாளரின் வேலை. நிர்வாகக் கூட்டங்களில் அவருக்கு வாய்க்கும் பெயர் நாற்காலி போடுகிறவர். நாற்காலி போடுவதும் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிப் போடுவது, எத்தனை வரிசை, எவ்வளவு சாய்வு என்பதற்குள் ஒரு தொழிலே அடங்கியிருக்கிறது.

துணி, காகிதம் வைத்த கூடமென்றால் காப்பாட்சியர் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் தரமாட்டார். அந்த வெளிச்சத்தில் வயலின்காரருக்கு நோட்ஸ் தெரியாது. ஸ்டாண்டில் மாட்டும் குட்டி விளக்குகளைக் கொண்டுவந்து, ஒளி சுவர்ப் பக்கம் சிந்தாதபடி தாழ்த்தி மாட்ட வேண்டும். செல்லோவின் அடிமுள் தரையைக் குத்தாமல் இருக்கப் பலகை வேண்டும். டிரம்ஸின் அடிநாதம் கண்ணாடித் தட்டில் இருக்கும் பீங்கானை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும். பக்கத்துக் கூடத்தில் பீங்கான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஏசியை நிறுத்தினால் ஈரப்பதம் ஏறும், நிறுத்தாவிட்டால் மெல்லிய ஸ்வரமெல்லாம் அதன் இரைச்சலில் போய்விடும். விசிறியின் வேகத்தை மட்டும் முக்கால் மணி நேரத்துக்குக் குறைக்கச் சொல்லிக் கட்டடப் பராமரிப்பாளரிடம் முந்தைய நாளே கேட்டுவைக்க வேண்டும். இவையெல்லாம் பழகினால் வந்துவிடும்.

எவ்வளவு பழகினாலும் பிடிபடாதது ஒன்றுதான்: கூடத்தின் எதிர்முழக்கம். வெள்ளைச் சுவர், சிமெண்டுத் தரை, உயர்ந்த கூரை என்று படங்களுக்காகவே கட்டிய அறையில் ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்த நான்கு ஸ்வரங்கள் அதன்மேல் வந்து விழும். கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டிப் பார்த்தால் போதும். எதிரெதிர்ச் சுவர்கள் அந்தத் தட்டலைப் படபடவென்று மாறி மாறித் திருப்பியனுப்பினால், அங்கே வாசிப்பவரை நேராக உட்கார வைக்கக் கூடாது.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியதும் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில்தான் என்பது இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகம் 1895-இல் திறக்கப்பட்டது. அதன் விரிவுரைக் கூடத்தில் பேசியது எதுவும் விளங்கவில்லை. இதைச் சரிசெய்யும்படி பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் பணித்தது, 27 வயது இயற்பியல் ஆசிரியரான வாலஸ் கிளெமெண்ட் சபினை. அவர் கையில் இருந்தவை ஒரு ஆர்கன் குழலும் நேரம் அளக்கும் கருவியும்தான். குழலை ஊதி நிறுத்திவிட்டு, காதுக்கு எட்டாமல் போகும்வரை எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டார். வெறுங்கூடத்தில் 5.62 நொடி வந்தது.

பிறகு அவர் செய்ததுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தெருச் சந்தடி அடங்கிய நள்ளிரவில், உதவியாளர்களோடு அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் பரப்பினார். சில மெத்தைகளைப் போட்டு ஊதினார், அளந்தார். இன்னும் சில போட்டு ஊதினார். விடிவதற்குள் அத்தனை மெத்தையையும் திருப்பிக் கொண்டுபோய் அதனதன் இடத்தில் வைத்தாக வேண்டும். கூடம் முழுக்க மெத்தை நிரம்பியபோது முழக்கம் ஏறக்குறைய ஒரு நொடிக்கு இறங்கியிருந்தது. மெத்தைக்கு அடுத்து மனிதர்களை உட்கார வைத்துப் பார்த்தார். ஒரு ஆள் விழுங்கும் ஒலி ஏறக்குறைய ஆறு மெத்தைக்குச் சமம் என்று வந்தது. ஒரு கட்டத்தில், தான் போட்டிருக்கும் உடுப்பு மாறினாலே அளவு மாறுவதைக் கண்டுகொண்டார். உடுப்பைக் குறித்துவைக்காமல் எடுத்த இரண்டு மாத அளவுகளை ஒதுக்கிவிட்டு, அதன்பின் ஒரே உடுப்போடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1898-இல் சூத்திரம் கிடைத்தது. அதை வைத்து அவர் ஒலியமைத்துக் கொடுத்த பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-இல் திறந்தது. உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஃபாக் கூடத்தின் சுவர்களில் நமுதா (ஃபெல்ட்) ஒட்டி, பேச்சு விளங்கும் அளவுக்கு அதைத் தேற்றினார்.

இரண்டு மாத உழைப்பை ஒரு கோட்டுக்காக ஒதுக்கிய மனிதர் அவர்! இந்தத் தொழிலில் குரு என்று யாரையாவது சொல்வதானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். செப்டம்பரில் மெல்லிய சட்டையோடு வரும் 40 பேரும், பிப்ரவரியில் கனத்த கோட்டோடு வரும் 80 பேரும் ஒரே கூடத்தை இரண்டு கூடமாக்கிவிடுகிறார்கள். காலி அறையில் ஒத்திகை பார்த்துவிட்டு, மாலையில் ஏன் இசை வறண்டு ஒலித்தது என்று கலைஞரைக் குறை சொல்வது அநியாயம்.

இப்போது பரவலாகிவிட்ட குறுக்குவழி ஸ்பீக்கர். கிட்டார் தனிக்கச்சேரிக்குக்கூட இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். முழங்கும் அறையில் ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்துதான் கூடும். கேட்கவில்லை என்று இன்னும் கூட்டுவார்கள். ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டிருக்கக்கூடிய வாத்தியம் அது! வாசிப்பவரை ஒரு மூலைக்குக் குறுக்காக நகர்த்தி, காலடியில் கம்பளம் விரித்து, பின்னால் இரண்டு மடக்குத் திரை வைத்து, முதல் வரிசையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தால் போதும். அதற்கு ஒரு மணி நேரம் கூடத்தில் நிற்க வேண்டும். நிற்க ஆளில்லை. பட்டியலை நிரப்ப மட்டும் ஆள் இருக்கிறது. கச்சேரியைத் திறப்பு விழா விருந்தின் பின்னணிச் சத்தமாக வைத்து, கோப்பைகள் மோதும் ஓசைக்கு நடுவே ஒரு நால்வர் குழுவை வாசிக்கச் சொல்வது அதைவிடக் கொடுமை.

பணம் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பதும் சரியில்லை. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் தன் அருங்காட்சியகத்தை 1903 புத்தாண்டு நாளில் கச்சேரியோடுதான் திறந்தார். பிற்காலத்தில் பல ஆண்டுகள் அங்கே திரைச்சீலைக் கூடத்தில் கச்சேரி நடந்தது. பழைய நெசவுத் திரைகள் ஒலியை வாங்கிக்கொண்டன. அந்தக் கூடத்தின் சுமையைக் குறைக்க 2012-இல் தனி அரங்கமே கட்டினார்கள். அது பணக்கார நிறுவனம், சரி. லண்டன் நேஷனல் கேலரியின் கதை வேறு. போருக்கு அஞ்சி ஓவியங்களை அனுப்பிவிட்டு வெறுஞ்சுவரோடு நின்ற அந்தக் கட்டடத்தில், பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். நுழைவு ஒரு ஷில்லிங். 1946 ஏப்ரலில் முடிந்தபோது 1,698 கச்சேரிகள் ஆகியிருந்தன. குண்டு விழுந்த நாட்களிலும் அறையை மாற்றி நடத்தினார்கள்.

சமுதாயக் கல்லூரிகளுக்கும் கூட்டம் வரும். சிகாகோவுக்கு மேற்கே டூபேஜ் கல்லூரியின் கிளீவ் கார்னி அருங்காட்சியகம், கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஃப்ரீடா காலோ கண்காட்சியை 2021 கோடையில் நடத்தியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கான்சஸ் மாநிலத்தில் ஜான்சன் கவுண்டி கல்லூரியின் நெர்மன் அருங்காட்சியகம் 2007-இல் திறந்தது முதல் கட்டணமே இல்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு, காலையில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடும் மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செல்லோவைப் பத்தடி தூரத்தில் கேட்பது இங்கேதான். அவர்களுக்குத்தான் இந்தச் சத்தக்குழப்பத்தைக் கொடுக்கிறோம்.

வரும் பருவத்தின் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு கச்சேரிக்கும் எதிரே இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: கதவை மூடிவிட்டு, கலைஞரும் அமைப்பாளரும் மட்டும் கூடத்தில் இருக்க இரண்டு மணி நேரம். பட்ஜெட்டில் இதற்கு அநேகமாக எதுவும் செலவாகாது. பல இடங்களில் கேட்டும் கிடைக்காதது இந்த இரண்டு மணி நேரம்தான்.