இறங்குகிற நாள் காலை

வத்தளைக்காரருக்குக் கப்பல் புதிதல்ல. ஹெந்தளைக் கரையில் நின்றால், கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் சரக்குக் கப்பல்கள் தெரியும். ஏறிப் பயணம் போவதுதான் அரிது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஸ்கோஷியா பிரின்ஸ் அந்த வருடமே நின்றுபோனது. இன்று கொழும்புக்கு வருகிற உல்லாசக் கப்பல்களில் அநேகமானவை காலையில் வந்து, ஆட்களைக் கங்காராமைக்கும் காலிமுகத்திடலுக்கும் அனுப்பி எடுத்துக்கொண்டு, பொழுதுபட முன் போய்விடுகிறவை. ஆகவே நம்மவர்கள் கட்டுநாயக்காவில் விமானம் பிடித்துச் சிங்கப்பூர் மரீனா பே முனையத்தில் கப்பலேறுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் குடும்பமாகப் பினாங்கு, புக்கெட் பார்த்து வந்தோம்.

போகுமுன் எனக்குப் பாடம் எடுத்தவன் பக்கத்து வீட்டுப் பொடியன். கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைத் தாண்டி இங்கே குடிவந்த குடும்பம். அவன் வேறொரு கப்பலில் அறை ஸ்டுவர்ட்; விடுமுறையில் வந்திருந்தான். என்ன சாப்பிடலாம், எங்கே படம் எடுக்கலாம் என்று சொல்வான் என்று பார்த்தால், “கடைசி நாள் எப்பிடி இறங்கிறது எண்டு தெரியுமோ அன்ரி?” என்று தொடங்கினான்.

கப்பல் விடியற்காலையில் முனையத்தை அணைகிறது. பின்னேரம் அதே கப்பல், அதே அறைகளில் வேறு ஆட்களோடு புறப்படுகிறது. இடையில் உள்ள சில மணிநேரத்துக்குள் ஒரு ஸ்டுவர்ட் தன் பொறுப்பில் உள்ள அத்தனை அறைகளிலும் கட்டில் விரிப்பைக் கழற்றி, குளியலறை கழுவி, குப்பை அகற்றி, புதிதுபோல ஆக்கவேண்டும். கடற்றொழிலாளருக்கான 2006ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணிநேரமாவது ஓய்வு தரச் சொல்கிறது. மிச்ச நேரம் எப்படி ஓடும் என்பதற்கு இந்தக் காலை ஒன்றே போதும்.

அதனால்தான் முதல்நாள் இரவே பெரிய பெட்டிகளுக்கு நிறமும் இலக்கமும் போட்ட அட்டையைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்கிறார்கள். நள்ளிரவில் அவை இறக்குவதற்குப் போய்விடும். பிறகு முனையத்தில்தான் கண்ணில் படும். கடவுச்சீட்டு, மருந்து, மறுநாள் உடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கவேண்டும். இரவு உடுப்போடு உணவு மண்டபத்துக்கு வந்து நிற்கிற ஒருவரையாவது ஒவ்வொரு பயணத்திலும் காண்பதாகப் பொடியன் சத்தியம் செய்தான்.

எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு. மச்சாள் விடியவே எழும்பி விரிப்பை நீவி, போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டார். வந்த வீட்டைக் குழப்பி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று வளர்ந்தவர். ஆனால் ஸ்டுவர்ட் அதையெல்லாம் கழற்றத்தான் போகிறார். மடித்த போர்வையை மறுபடி பிரித்து, உள்ளே ஃபோனோ தோடோ கிடக்கிறதா என்று உதறவும் வேண்டும். அவருக்கு உதவுவதானால் ஈரத் துவாய்களைக் குளியலறையில் ஒரே இடத்தில் போட்டு, பெட்டகத்தை வெறுமையாக்கித் திறந்துவிட்டு, நேரத்துக்கு வெளிக்கிட்டால் போதும். எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிதான். எட்டேகாலுக்குக் கதவைத் தட்டுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிற உரிமை நமக்கில்லை என்பது என் கட்சி. அழைப்பு வரும்வரை மேல்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாமே.

அடுத்த வாக்குவாதம் காசு. “தலைக்கு நாளுக்கு இவ்வளவு எண்டு பில்லிலை போட்டுட்டாங்கள்தானே, பிறகேன்?” என்றார் இவர். கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கட்டணம் பலருக்குப் பங்காகிறது. ஒவ்வொரு இரவும் துவாயில் யானையும் குரங்கும் செய்து பிள்ளைகளைச் சிரிக்க வைத்த மனிதருக்குத் தனியாக ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். கடைசி இரவே கையில் கொடுத்தேன். காலையில் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. தலையணைக்கு அடியில் வைத்தால் தனக்குத் தந்ததா, மறந்துவிட்டுப் போனதா என்று அவருக்குத் தெரியாது. மறந்த பொருளை ஒப்படைக்காமல் வைத்திருந்தால் வேலை போகும். பொடியன் சொன்ன இன்னொன்றையும் செய்தேன்: “காசு குறைஞ்சாலும் பரவாயில்லை அன்ரி, கருத்துப் படிவத்தில அவற்ற பேரை எழுதுங்கோ. மேலதிகாரி அதைத்தான் பாப்பான்.”

திரும்பி வந்தபின் அவனிடம் கேட்டேன், ஒப்பந்தம் முடிந்து நீங்கள் இறங்குகிறபோது எப்படி என்று. அதுவும் அதே நாள் காலைதானாம். இருவர் படுக்கிற சின்ன அறை. “நாங்களே கழுவித் துடைச்சு, சோதிச்சு ஓம் எண்ட பிறகுதான் இறங்கலாம். அதுக்குள்ள அடுத்தவன் பெட்டியோட வாசலில வந்து நிப்பான், தன்ர கட்டில் மேலயா கீழயா எண்டு கேட்டுக்கொண்டு.”