சுக்கான்கல்லும் கோடை வகுப்பும்

கோடை விடுமுறைக் கைவினை வகுப்பில் மண் குதிரை செய்ய இரண்டு நாள் போதுமென்றும், பிளாஸ்டர் அச்சும் பொட்டலக் களிமண்ணும் தருவித்துவிட்டால் மூன்றாம் நாளே வர்ணம் பூசிச் சான்றிதழ் வழங்கிவிடலாமென்றும் ஒரு பள்ளியின் நிர்வாகிகள் சொல்லியனுப்பியபோது, கடத்தூரில் ஓவிய உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் மே மாதந்தோறும் பிள்ளைகளோடு மண் மிதித்து வருகிற நான் அதற்கு இசைய மறுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஏரி வண்டலில் சுக்கான்கல் உண்டென்பதை அறியாதவர் யார்? கடுகளவு சுக்கான் உள்ளே தங்கிவிட்டாலும், சூளை எண்ணூறு பாகையை நெருங்கும் வேளையில் அது நீறாத சுண்ணாம்பாகிவிடுகிறது. சூளை பிரித்த அன்று குதிரை குறையேதுமின்றிச் சிவந்து நிற்கும். கண்காட்சிக்கு வந்தவர்கள் மெச்சுவார்கள். பிறகு காற்றின் ஈரத்தைச் சிறுகச் சிறுகக் குடித்து அத்துகள் பருத்து, சில நாளில் கன்னமோ காதோ சில்லாகத் தெறித்து விழும். வகுப்பு அதற்குள் முடிந்துபோயிருக்கும். பழுது தன் கையினால் நேர்ந்ததென்றே குழந்தை எண்ணிக்கொள்ளும்.

இதை எனக்குக் கற்பித்தவர், முனியப்பன் கோயில்களுக்குக் குதிரை செய்து கொடுத்த ஒரு முதிய குயவர். மண்ணை நீரில் கரைத்துத் துணியில் வடித்துத் தெளிய வைத்த பின்னரும் அவர் திருப்தியடைய மாட்டார். மணலும் உமியும் சேர்த்து வெறுங்காலால் மிதிக்கச் சொல்லி, "வாத்தியாரய்யா, கல்லு கண்ணுக்குத் தெரியாதுங்க, காலுக்குத்தான் தெரியும்" என்பார். நான்கு கால்களையும் குழலாகச் செய்து நிழலில் நிறுத்தி, பாரம் தாங்கும் பதம் வந்த பிறகே, மண்ணைக் கயிறாகத் திரித்து அடுக்கி வயிற்றை எழுப்புவார். முந்தினால் கால் வளையும். பிந்தினால் ஒட்டு விடும். அந்தப் பதத்தை விரல் நுனியால் அறிகிற ஞானம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிள்ளைகளின் சிருஷ்டி சக்தி விழித்துக்கொள்வதும், கால்கள் உலரக் காத்திருக்கும் அந்த நாட்களிலேதான். கையில் வேலையின்றித் தன் குதிரையையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமிக்கு அதற்கு ஆட்டுக்காது வைக்கத் தோன்றுகிறது. இன்னொருவன் தகப்பனாரின் மொபெட்டிலிருக்கும் கண்ணாடியைக் குதிரையின் கழுத்தில் பொருத்துகிறான். அச்சிலிருந்து உதிரும் குதிரைகளுக்கு ஒரே முகம். அவற்றில் தன்னுடையது எதுவென்று குழந்தைக்கே தெரிவதில்லை.

1850ஆம் ஆண்டு டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் ஆரம்ப காலத்திலேயே மட்பாண்டத் தொழிலுக்கு இடமிருந்தது. இன்றோ ஓவியப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போகிறது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம் முதலியவை கற்பிக்கப் பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தபோது மாதம் 5,000 ரூபாயே தொகுப்பூதியமாக நிர்ணயித்தார்கள். வித்தைக்கு இவ்வளவே மதிப்பென்றால், கற்பிப்பவன் அச்சை நாடுவதில் ஆச்சரியமில்லை. ஆயினும் அதை நான் நியாயமென்று ஒப்பமாட்டேன்.

இரண்டு நாள் மட்டுமே ஒதுக்க முடிகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காகிதமும் வர்ணமும் கொடுங்கள். அதுவும் உயர்ந்த வித்தையே. மண்ணைத் தொடச் செய்வதானால் மே மாதம் முழுவதையும் கொடுங்கள்.