செங்கலடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் ஏறத்தாழப் பத்து மைல் செல்வோமாயின், ஏறாவூரைக் கடந்ததும் செங்கலடிச் சந்தியை அடைவோம். பேராதனையிலே தொடங்கி, நுவரெலியா மலைகளை ஏறியிறங்கி, பதுளை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களினூடாக வரும் நெடுஞ்சாலை இச்சந்தியிலேதான் முடிவடைகின்றது. மலைநாட்டு மரக்கறியும், படுவான்கரை நெல்லும், வாவி மீனும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. பதுளை வீதியால் சிறிது தூரம் மேற்கே சென்றால் கறுத்தப்பாலம். வடக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். அதற்கும் அப்பால் சித்தாண்டி முருகன் ஆலயம்.

இவ்வாறு பல திசைகளோடும் தொடர்புற்றிருக்கும் ஊரிலே வளவுக்கு மதிப்பு உண்டாவது இயல்பே. பிரதேச செயலகம், வைத்தியசாலை, மத்திய கல்லூரி என்பன யாவும் அண்மையில் உள்ளன. ஒழுங்கைகளிலே நடந்து செல்வோருக்கு, ‘வீடு வளவு விற்பனைக்கு’ என்னும் பலகை இடையிடையே கண்ணில் படும். ஆயினும் மட்டக்களப்பு நாட்டிலே வீடொன்றை விற்பது ஏனைய பொருளை விற்பது போன்றதன்று. அதன் காரணத்தை அறிந்தாலன்றி, விற்பனைக்காக ஒரு வீட்டை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதும் நமக்கு விளங்காது.

பெண்ணின் வீடு

இப்பகுதியிலே கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகின்றான். பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கென ஒரு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தல் வேண்டும். மூத்தவளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, இளையவளுக்காக அதே வளவிலோ அடுத்த வளவிலோ மற்றொரு வீட்டுக்கு அத்திவாரம் இடும் பெற்றோர் பலர். தமிழர் மாத்திரமன்றி அயலூராகிய ஏறாவூரின் முஸ்லிம் மக்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்கின்றனர்.

குடியைத் தாய்வழியாக எண்ணும் பழைய மரபோடு தொடர்புடையது இது. அம்மரபின் சொத்துரிமை விதிகளைப் பிறிற்றோ என்பவர் 1876 இல் ‘முக்குவர் சட்டம்’ என ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை இறங்கும் முறையை மாற்றியது. சட்டம் மாறிற்று, வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கமோ இன்றும் நிலைத்து நிற்கின்றது. அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தமது பெருநூலிலே இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

ஆகவே, செங்கலடியில் வீட்டை விற்பவர் பெரும்பாலும் ஒரு பெண்; வாங்க வருபவர்களோ, தம் மகளுக்கு வீடு தேடும் ஒரு தாயும் தந்தையுமாக இருத்தல் கூடும். இளைய சகோதரியின் வீட்டைக் கட்டி முடிப்பதற்காகவோ, வைத்தியச் செலவுக்காகவோ, குடும்பத்தோடு வெளிநாடு செல்வதற்காகவோ அவ்விற்பனை நிகழலாம். எவ்வாறாயினும் ஒரு மகளின் வீடு இன்னொரு மகளின் வீடாக மாறுகின்றது.

அமெரிக்காவிலே விற்கும் வீட்டை நாடக மேடைபோல ஒழுங்கு செய்து காட்டும் தொழில் ஒன்று உண்டு. பார்ப் சுவார்ட்ஸ் என்னும் அம்மையார் 1972 இல் அதனைத் தொடங்கினார் என்பர். சுவரிலுள்ள குடும்பப் படங்களை அகற்றிவிட வேண்டும், வாழ்ந்தவர் யாரென்பது தோன்றலாகாது என்பது அத்தொழிலின் முதற் பாடம். செங்கலடியில் இப்பாடம் செல்லுபடியாகாது. யாருடைய வீடு, அங்கே பிள்ளைகள் எவ்வாறு வளர்ந்தனர், ஏன் விற்கின்றனர் என்பவற்றை அயலிலே விசாரித்துக்கொண்டுதான் வாங்குபவர் கடப்படிக்கு வருவர்.

மாரி கழிந்த பின்

விற்பனைக்கு ஏற்ற காலம் எது? வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் மழையைக் கொண்டுவந்து தைவரையும் பெய்விக்கும். அக்காலத்திலே சுவர் ஈரம் உறிஞ்சியிருக்கும்; அதன்மேல் பூசும் எந்த நிறமும் சில மாதங்களில் பொருக்குவிட்டு உதிரும். மாரி ஓய்ந்து, சுவர் நன்றாக உலர்ந்த பின்னரே வெள்ளையடித்தல் வேண்டும். பெரும்போக நெல் வெட்டி, கையிலே பணம் புழங்குவதும் அதற்கு அடுத்த காலமே.

முதலில் கவனிக்க வேண்டியது கூரை. உடைந்த ஓட்டையும் முகட்டோட்டையும் மாற்றி, கறையான் அரித்த சிலாகைகளை நீக்குதல் நன்று. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி இம்மாவட்டத்தின் கூரைகளைப் பிரித்தெறிந்ததை முதியோர் மறந்திலர். ஆதலால் வாங்க வரும் முதியவர் எவரும் விறாந்தையில் நின்றவுடனே தலையை உயர்த்தி வளையையும் தீராந்தியையும் பார்ப்பதிலே வியப்பில்லை.

அடுத்தது கிணறு. வாவியை அண்டிய ஊர்களிலே ஒரு வளவின் நீர் தித்திப்பாகவும், சற்று அப்பாலுள்ள வளவின் நீர் சவராகவும் இருத்தல் உண்டு. கிணற்றை இறைத்து, அடியிலுள்ள சேற்றை அகற்றி, கட்டின் வெடிப்பை அடைத்து வைத்தல் வேண்டும். வரும் தாய்மாரிலே சிலர் ஒரு வாளி அள்ளி வாயிலிட்டுப் பார்ப்பர். அந்த ஒரு மிடறு, புதிய நிறப்பூச்சு முழுவதினும் அதிகம் பேசும்.

ஏனையவை செலவு குறைந்த வேலைகள். சிவப்புச் சீமெந்துத் தரையைக் கழுவி மெருகிடுதல், குசினியின் கரியைச் சுரண்டி நீக்குதல், இறுகிய யன்னலைத் திறக்கும்படி செய்தல், வேலியை நேராக்குதல் என்பன இரண்டு கிழமையில் முடியும். முற்றத்து மாவையும் பலாவையும் ‘வெளிச்சம் வரட்டும்’ என்று வெட்டிவிடுவோர் உளர், அது தவறு. காய்க்கும் மரமும் நிழலும் வளவின் விலையில் ஒரு பகுதி.

வெள்ளக் கோடு

இனி, மறைக்கத் தோன்றும் ஒன்றைப் பற்றிக் கூறுவோம். 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்திலே பெருவெள்ளம் ஏற்பட்டது. தாழ்ந்த நிலங்களிலுள்ள வீடுகளிலே நீர் நின்ற உயரத்தில் ஒரு மங்கிய கோடு படிந்தது. வெள்ளையடிப்பவனுக்கு அக்கோட்டை மறைப்பது அரைநாள் வேலை. கோட்டின்மேல் பூசுவது குற்றமன்று. சுவரைச் சுத்தமாக்கத்தான் வேண்டும். ஆனால், “இங்கே வெள்ளம் வந்ததா?” என்று ஒருவர் வினவும்போது ‘இல்லை’ என்பது வேறு விடயம். அவ்வீட்டிலே நாளை ஒரு கைக்குழந்தை தரையிலே உறங்கப் போகின்றது. எந்த உயரத்துக்கு நீர் வந்தது, எந்தப் பக்கத்தால் வடிந்தது, எப்போது வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதை விற்பவர் கூறிவிட்டால், வாங்குபவர் தரையை உயர்த்துவதா, விலையைக் குறைத்துக் கேட்பதா என்று தீர்மானிப்பார். பேரம் சிறிது குறையலாம், சொல் குறையாது.

சட்டமும் இவ்வழியே நிற்கின்றது. இலங்கையில் விற்பனைகளுக்கு அடிப்படையாயுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, கண்ணுக்குத் தோன்றாத குறையை அறிந்தே மறைத்து விற்றவர் அதற்குப் பொறுப்பாளியாவார்.

உறுதிப் பெட்டி

சுவரைவிட முன்னதாகச் சீர்செய்ய வேண்டியது உறுதிப் பெட்டியாகும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்திலே, நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு நிறைவேற வேண்டும். 2009 இல் முடிவுற்ற போரின்போது இடம்பெயர்ந்த குடும்பங்களிலே உறுதிகளை இழந்தோர் பலர். அவர்கள் காணிப் பதிவகத்திலே தேடுதல் செய்து, உறுதிப்படுத்திய பிரதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளல் வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் அதனை உறுதிக் காணி போலத் தம் விருப்பப்படி விற்க இயலாது. பிரதேச செயலாளரிடம் முதலிற் செல்ல வேண்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டு, நில அளவைப் படம், வெளிநாட்டிலுள்ள பங்குதாரரின் அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வைத்தால், வாங்குபவரின் நம்பிக்கை இருமடங்காகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. அறுதி உறுதியிலே கையெழுத்திடப் போகும் பெண் அடுத்த மாதம் எங்கே வாழப் போகின்றாள்? இந்நாட்டின் வழக்கத்திலே வீடு அவளுக்குக் கூரை மாத்திரமன்று. கணவன் வீட்டிலே ஒதுங்கி நில்லாது, தன் வாசலிலே தானே நின்று பேசும் உரிமையும் அதுவேயாகும். அண்ணன்மாரின் கடனுக்கோ, கணவனின் வியாபாரத்துக்கோ அவ்வீடு விலையாகும்போது, முதலில் அவளிடம் கேட்டுச் சம்மதம் பெறுதல் வேண்டும்; விலைப்பணத்திலே அவள் பெயருக்கு ஒரு துண்டு நிலமாயினும் வாங்கி வைத்தல் வேண்டும். இதனை உறுதிப்படுத்திய பின்னர் வெள்ளையடிக்கத் தொடங்கலாம்.

சாவியைக் கொடுக்கும் நாளிலே, பழைய வீட்டுக்காரி புதியவளை வளவெங்கும் அழைத்துச் சென்று, எந்த மா எப்போது காய்க்கும், கோடையிலே கிணறு எவ்வளவு வற்றும், எந்த மூலையிலே மழைநீர் தேங்கும் என்று சொல்லிக் கொடுப்பாளாயின், அவ்வீட்டுக்குச் செய்யவேண்டிய கடமை முடிந்தது.