துடைக்கும் கை

வடலூர் தருமசாலையில் ராமலிங்க அடிகள் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது அவருடைய நித்திய கரும விதி. கண் பீளை, மூக்குச் சளி, காது, தொப்புள் அழுக்கு எல்லாவற்றையும் வெந்நீரால் துடைக்கச் சொல்கிறது. பல்லுக்கு ஆலம்விழுது, வேலங்குச்சி, பிறகு கரிசலாங்கண்ணித் தூள். ஞான சபை கண்டவர் தொப்புள் அழுக்கையும் யோசித்திருக்கிறார், சாதாரண விஷயமல்ல.

ஆனால் அந்த விதியில் துடைப்பவனும் துடைக்கப்படுகிறவனும் ஒரே ஆள். கை விழுந்துவிட்டவனுக்கு?

அம்மா பக்கவாதத்தில் படுத்தபின் மூன்று வருஷமாக இது எனக்கு நடைமுறைப் பிரச்சனை. கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குப் போட்ட துணி மறு கண்ணுக்கு ஆகாது. கீழே முன்னிருந்து பின்னாக. தொடையிடுக்கில், மார்புக்கு அடியில், கால்விரல் சந்துகளில் ஈரம் தங்கினால் தோல் வெந்து புண்ணாகும். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பின் மேல் ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போகும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வாய் ஊத்தை நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். இதற்கெல்லாம் கை பழகிவிடுகிறது.

பழகாதது அவள் வெட்கம். புடவையை விலக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்த நேரத்துக்கு அவள் அங்கே இல்லை. விழுந்தது வலது பக்கம். இடது கையில் துணியைக் கொடுத்து முகத்தை அவளையே துடைக்கவிட்டேன். சரியாகத் துடைக்கவில்லை; பத்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷமும் கண் திறந்திருந்தது.

ஜீவகாருண்யம் பசியை முதலில் வைத்தது. சரியே. ஆனால் உண்ட உடம்பு கழிக்கவும் செய்கிறது. சோறு போடுவதற்கு நம்மிடம் தருமம் என்ற சொல் இருக்கிறது. மலம் துடைப்பதற்குச் சொல் இல்லை. ஜாதி இருக்கிறது, மருமகள் இருக்கிறாள், சம்பளத்துக்கு ஆயா இருக்கிறாள். சோறு போடுகிறவன் இலைக்கு எதிரே நின்று முகம் பார்க்கிறான். துடைக்கிறவருக்குக் கிடைப்பது முதுகு. புண்ணியம் முகம் பார்த்தே கணக்கிடப்படுகிறது போலும்.

தலை வாரியபின் கண்ணாடி காட்டுகிறேன். அம்மா தலையை ஆட்டினால் வகிடு கோணல் என்று அர்த்தம். அவிழ்த்து மறுபடி வார வேண்டும்.