பக்கத்து பெஞ்ச் வாத்தியார்

ஸ்ரீரங்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பள்ளிக்கூடம் பார்க்க வரும் ஆசிரியர்கள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளைகள் ஏன் பக்கத்து நோட்டையே எட்டிப் பார்க்கிறார்கள்?

அந்தப் பழக்கத்தை வேறு கண்ணால் பார்த்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல்லுக்கு, சொன்னதைச் செய்யும் வாத்தியார் கிடைக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைக் கொண்டுவந்தார். உதவி வாத்தியார்கள் ஒத்துவராததால் எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் பார்த்துவந்த வேலைதான். 1797-ல் அவர் லண்டனில் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இந்த 'மெட்ராஸ் முறை' பிரிட்டனில் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் 1833-ல் திறந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

ஆனால் பிரிட்டனில் அந்த முறை செலவைக் குறைக்கும் வழியானது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே வாத்தியார் மேய்த்தார். இங்கேயோ, ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் கேட்டு வாங்கிய கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பள்ளிக்குப் பதினைந்து பேர்தான். அந்தக் கூட்டத்தில் சட்டாம்பிள்ளை என்ன சொல்லித்தருகிறான் என்பது வாத்தியார் காதில் விழும்.

என் வகுப்பில் கூட்டம் அதைவிட மும்மடங்கு. அதனால் யாரைச் சொல்லித்தர விடுவது என்பதில்தான் என் தொழில் இருக்கிறது. முதல் ரேங்க் பையனை விடமாட்டேன்; அவனுக்கு விடை ஒரே தாவலில் வந்துவிடும், நடுப்படிகள் நினைவிருக்காது. நேற்றுவரை தடுமாறி இன்று பிடித்துக்கொண்டவளே சரியான ஆள். "மைனஸ் ஏழு இந்தப் பக்கம் வந்தா எப்படிடி பிளஸ் ஆகும்?" என்று தோழி கேட்டால், "அது எங்கயும் வரலடி, ரெண்டு பக்கமும் ஏழு கூட்டுறோம், அவ்வளவுதான்" என்பாள். 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று நான் பலமுறை சொன்னதைவிட இது தெளிவு.

எட்டிப் பார்ப்பதில் காப்பியும் உண்டு, மறுக்கவில்லை. சந்தேகம் வந்தால் நோட்டை மூடச் சொல்லி, எண்ணை மட்டும் மாற்றி அதே கணக்கைக் கொடுப்பேன். பார்த்து எழுதியவன் முழிப்பான். கேட்டுப் புரிந்துகொண்டவன் போட்டுவிட்டு, அடுத்தவனுக்குச் சொல்லித்தரத் திரும்பியிருப்பான்.